பிறைக்கு ஒரு மூடை

விதைநெல் மூடையின் வாயை அவிழ்த்து உள்ளே கை விட்டவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பெரிய ஈமான்தாரி என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்கக் கூடாது.

அல்லாஹ்வின் சாந்தி உங்கள் வீடுகளில் நிறைந்திருக்கட்டும், என் சகோதரிகளே. அது ஐம்பத்து மூன்றாம் ஆண்டு பங்குனி மாதம். நான் பரணில் ஏறி உட்கார்ந்திருந்தேன். முழங்கை வரைக்கும் என் கை நெல்லுக்குள் இருந்தது. வெளியே நல்ல வெயில், ஆனாலும் மூடைக்குள் நெல் குளிர்ந்து கிடந்தது. கீழே என் மகள் ஹாஜறா ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்து நின்றாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. நாலு நாளாக அந்தப் பிள்ளை சோறு தின்னவில்லை. வீட்டில் அரிசியும் இல்லை, குத்தி அரிசியாக்க நெல்லும் இல்லை. இருந்ததெல்லாம் அடுத்த போகத்துக்கு விதைக்க வைத்த இரண்டு மூடை. அதைத் தின்றால் அடுத்த வருஷம் எங்களுக்கு வயல் இல்லை.

அந்த இடத்துக்கு நான் எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு நற்பிட்டிமுனையில். என் வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்தது. ஹாஜறாவின் வாப்பா, அதாவது என் வீட்டுக்காரர், நாவிதன்வெளிப் பக்கம் பெரிய நிலக்காரரான ஒரு போடியாரின் வயலைப் பங்குக்குச் செய்தார். விளைச்சலில் பாதி போடியாருக்கு. விதைநெல் செய்கைக்காரன் கொண்டுவர வேண்டும். விதை கொண்டுவராதவனின் வயல் வேறு ஆளுக்குப் போய்விடும். இப்படித்தான் அங்கே வழக்கம்.

அதற்கு முந்திய இரண்டு வருஷமும் தை பிறந்ததும் எங்கள் வீட்டில் நெல் முடிந்துபோனது. ஊரில் வசதியான ஒருவரிடம் நெல் வாங்கினோம். ஒரு மூடை வாங்கினால் களவெட்டியில் சூடு மிதித்து நெல் பிரித்த அன்றைக்கே ஒன்றரை மூடை திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு யாரும் வட்டி என்று பெயர் சொல்லவில்லை. "மேல்நெல்" என்றார்கள். பெயரை மாற்றினால் ஹறாம் ஹலாலாகிவிடுமா? எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு வருஷம் அந்தச் சோற்றைத் தின்றோம். தொழுகையில் நிற்கும்போது அது என் தொண்டையில் நின்றது.

ஐம்பத்திரண்டாம் ஆண்டு அறுவடை முடிந்து, பழைய நெற்கடனெல்லாம் அளந்துவிட்டு, வீட்டுக்கு வந்தது பன்னிரண்டு மூடை. விதைக்கு இரண்டு தனி. அன்றைக்கு நான் நிய்யத்து வைத்தேன். இந்தப் பன்னிரண்டு மூடையில் ஒரு வருஷம் முழுக்கச் சாப்பிடுவோம், உடுப்போம், விளக்கெரிப்போம். மேல்நெல் இந்த வாசலைத் தாண்டி வராது. விதைநெல்லில் கை வைக்க மாட்டோம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளந்தேன். பன்னிரண்டு மூடையையும் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் ஒரு பிறை வரைந்தேன். பிறைக்கு ஒரு மூடை. மிஹ்ராஜ் மாதத்துக்கு ஒன்று, பறாத் மாதத்துக்கு ஒன்று, நோன்பு மாதத்துக்கு ஒன்று, அப்படியே மவுலூது மாதம், கந்தூரி மாதம் என்று பன்னிரண்டும். அந்த நாளில் எழுதப் படிக்க எனக்கு அவ்வளவாக வராது. பிறை எல்லாருக்கும் வாசிக்கத் தெரிந்த எழுத்து. மிஹ்ராஜ் மாதத்துப் பிறையை முற்றத்தில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து முதல் மூடையை அவிழ்த்தேன். அந்த அறையில் அரை இருட்டில் வெள்ளை வெள்ளையாகப் பன்னிரண்டு பிறைகள் இருந்ததைப் பார்க்க மனம் நிறைந்து போனது. அந்த வருஷம் முழுக்க நான் அந்த அறைக்குள் காரணமில்லாமல் போய் நின்றிருக்கிறேன்.

ஒரு நாளைக்கு மூன்று சுண்டு அரிசி. தேங்காய் அரை மூடி. இரவு இஷா தொழுததும் விளக்கை அணைத்துவிடுவேன். சைக்கிளில் வரும் மீன்காரருக்குச் சிரட்டையால் நெல் அளந்து போட்டேன், சிரட்டையின் விளிம்புக்கு மேல் ஒரு மணி ஏறாது. அவர் "இந்த வீட்டு மீனுக்கு முள்ளும் நிறுக்க வேணும் போல" என்று கேலி செய்வார். செய்யட்டும். பெருநாளைக்குப் பழைய சட்டையைத் திருப்பித் தைத்தேன். அடுப்பில் தணலைச் சாம்பலுக்குள் மூடி வைத்துக் காத்தேன், நெருப்பு வாங்க அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. போனால் கதைக்க வேண்டும், கதைத்தால் அவர்கள் ஏதாவது தருவார்கள், தந்தால் நானும் தர வேண்டும். கலியாண வீடுகளுக்கும் போகவில்லை. அடுத்த வளவில் இருந்த, என்னிலும் மூத்த சீனத்தும்மா ராத்தா என்னைப் "பிறைக் கணக்குக்காரி" என்று கூப்பிடத் தொடங்கினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது, சகோதரிகளே. சிக்கனம் என் கைக்கு வந்ததோடு நிற்காமல் என் முகத்துக்கும் வந்துவிட்டது. அதை அப்போது நான் அறியவில்லை.

மாதத்துக்கு ஒரு மூடையாகப் பதினொன்று ஒழிந்தது. பன்னிரண்டாவது மூடையின் கடைசிச் சுண்டைச் சமைத்த அன்று என் மனதில் ஒரு கலக்கமும் இல்லை. பன்னிரண்டு பிறை முடிந்தது, ஒரு வருஷம் முடிந்தது. இனி அறுவடை. என் வீட்டுக்காரர் வயல் காவல் வாடியிலிருந்து அன்று பகல் வந்தார். மூடை முடிந்துவிட்டது, எப்போது வெட்டப் போகிறீர்கள் என்று சந்தோஷமாகத்தான் கேட்டேன். இன்னும் பதினொரு நாள் செல்லும், கதிர் இப்போதுதான் பழுக்கத் தொடங்குகிறது என்றார். போன வருஷமும் பங்குனி நடுவில்தானே வெட்டினோம் என்றார். நான் மிஹ்ராஜ் மாதம் என்றேன். அவர் பங்குனி என்றார்.  பிறகு அவர் சிரித்துவிட்டார்.

"நெல்லுக்குப் பிறை தெரியா புள்ள. அது வெயிலப் பார்த்துத்தான் விளையும்."

நோன்பு ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினொரு நாள் முந்தி வருவது எனக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு வருஷம் மாம்பழக் காலத்தில் வரும், சில வருஷம் கழித்து மழைக் காலத்தில் வரும். எல்லாம் தெரியும். அதை என் மூடைகளோடு சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை. பன்னிரண்டு பிறை சேர்ந்தாலும் வயலின் வருஷத்துக்குப் பதினொரு நாள் காணாது. ஒரு வருஷம் முழுக்க மணி மணியாக அளந்தவள், அளக்கிற கோலிலேயே பிழை விட்டிருக்கிறேன். அவர் சிரித்ததில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது.

ஒரு மூடை மேல்நெல் வாங்கி வரட்டுமா என்று அவர் மெல்லக் கேட்டார். பதினொரு நாளுக்காக அந்த ஹறாமை மறுபடியும் வாசலுக்குள் எடுப்பதா என்று நான் மறித்தேன். அரசாங்கக் கூப்பன் அரிசி எடுக்கலாமென்றால் அதற்கும் கையில் காசு வேண்டும், அது இல்லை. அடுத்த வீட்டில் இரண்டு கொத்து அரிசி கைமாற்றுக் கேட்டிருக்கலாம். அது ஹலால். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் பிறைக் கணக்குக்காரியின் கணக்குப் பிழைத்த கதை அந்தி மக்ரிபுக்கு முன்னால் கல்முனை வரைக்கும் போயிருக்கும். என் பிடிவாதம் என் வாயைக் கட்டிவிட்டது. வளவில் மரவள்ளி நிற்கிறது, சமாளிப்பேன், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவரை வாடிக்கு அனுப்பினேன்.

முதல் நாள் கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருந்தது. இரண்டாம் நாள் கிழங்கும் முருங்கை இலையும். மூன்றாம் நாள் ஹாஜறா "இண்டைக்கும் கெழங்கா உம்மா" என்று கேட்டாள், பிறகு கேட்கவில்லை. சின்னவன் இரண்டு வயதுக்காரன், அவன் வெறும் பானைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நான் அவித்த தண்ணீரைக் குடித்தேன். அந்த நாட்கள் எனக்கு நீருக்குள் நடந்ததுபோல நினைவிருக்கிறது. சத்தங்கள் தூரத்தில் கேட்கும். கிழக்கே கடல் இரைவது சில நேரம் என் காதுக்குள்ளேயே இரைவதுபோல இருக்கும். மேற்கிலிருந்து காற்றடித்தால் விளைகிற நெல்லின் வாசம் வரும். அந்த வாசத்தில் எனக்கு வாய் ஊறும், கண்ணும் ஊறும். முற்றத்தில் வெயில் மஞ்சளாக விழுந்து கிடந்தால் யாரோ நெல் காயப் போட்டிருக்கிறார்கள் என்று எழுந்து போயிருக்கிறேன். கிட்டப் போனால் வெறும் மணல். வானத்தில் புதுப் பிறை வளர்ந்துகொண்டிருந்தது. வருஷம் முழுக்க ஆசையாகப் பார்த்த பிறையை அந்த நாலு நாளும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நாலாம் நாள் காலையில்தான் பரணில் ஏறினேன்.

ஒரு கொத்து நெல் எடுத்தால் யாருக்குத் தெரியும்? இரண்டு மூடையில் ஒரு கொத்து. பிறகு இன்னொரு கொத்து. பதினொரு நாள் முடியும்போது விதையில் ஒரு வரம்புக்குள் விதைக்கிற அளவு குறைந்திருக்கும், அவ்வளவுதான் என்று என் மனம் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. கை உள்ளே போனது. பிடி நிறைந்தது.

"உம்மா, அது சோத்து நெல்லா?" என்று கீழே இருந்து ஹாஜறா கேட்டாள்.

"இல்ல மகள். விதை."

"அதத் திண்டா என்ன?"

 என் கை வியர்த்திருந்தது. பிடியைத் திறந்தேன். மணிகள் விரலில் ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றாகத் தட்டி மூடைக்குள் விழுத்தினேன். ஒரு மணியும் ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு வாயைக் கட்டினேன். கீழே இறங்கினேன். பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

கிணற்றடியில் முகம் கை கால் கழுவி வுழூச் செய்துவிட்டு வந்து பாயை விரித்தேன். முற்பகல், ளுஹா நேரம். இரண்டு றக்அத்துத் தொழுதேன். பிறகு கையேந்தினேன். எனக்கு அறபு துஆக்கள் நாலைந்துதான் தெரியும். அன்றைக்கு அவையும் மறந்து போயின. எங்கள் ஊர்ப் பேச்சில்தான் கேட்டேன்.

"உன்ட பிறையப் பார்த்துத்தான் அளந்தன் ரப்பே. பிழைச்சது நான். என்ட கை இன்னொருக்கா அந்த மூடைக்குப் போகாமப் பாத்துக்கொள். மிச்ச ஏழு நாளையும் உன்னட்டத் தந்துட்டன்."

அவ்வளவுதான் என் துஆ. ஆமீன் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. அந்தப் பாயிலேயே சாய்ந்துவிட்டேன், தூக்கம் வந்துவிட்டது.

கனவு கண்டேன். நெல் அறையின் சுவரில் என் பன்னிரண்டு பிறைகளும் இருந்தன, ஆனால் மூடைகள் இல்லை. பிறைகள் மட்டும் மெல்லக் கழன்று கூரை வழியாக மேலே போயின. போன வழியாக வெளிச்சம் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் தவிட்டுத் தூசி பறந்தது. தூசி பறக்கப் பறக்க எங்கேயோ உலக்கைச் சத்தம் கேட்டது. இரண்டு உலக்கை, மாறி மாறி. யார் குத்துகிறார்கள் என்று பார்க்கத் திரும்பினேன். அப்போது சலங்கைச் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன்.

வாசலில் மாட்டு வண்டி நின்றது. வண்டியில் நெல் மூடைகள். வண்டிக்குப் பக்கத்தில் சீனத்தும்மா ராத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்து நின்றேன். இன்னும் கனவில்தான் இருக்கிறேன் என்று நினைத்தேன்.

மருதமுனையில் அவளுடைய தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். அறுவடைக்குப் பிறகு என்று இருந்ததை, இந்தப் பிறை தேய முந்தி முடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் திடீரென்று நாள் வைத்துவிட்டார்களாம். அந்த வீட்டுப் பெண்களெல்லாம் தறியில் இருக்கிறார்கள், கலியாண நெல் குத்த ஆளில்லை. அவித்துக் காயவைத்த நெல், ஆறு மூடை. நாலு மூடைக்கு வீடு பார்த்தாயிற்று. "மிச்சம் ரெண்டும் உன்ட உரலுக்கு. அஞ்சாறு நாளைக்குள்ள வேணும். ஏலுமா மரியங்கண்டு?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். நெல்லுக் குத்தினால் முழு அரிசி நெல்லுக்காரருக்கு. உடைந்த நொய்யும் தவிடும் குத்தினவளுக்கு. அது தருமமில்லை, கைமாற்று இல்லை, வட்டியும் இல்லை. உழைத்த கூலி. நான் "ஓம்" என்று சொன்னேன். 

ராத்தா போகவில்லை. தன் உலக்கையை எடுத்து வந்து எனக்கெதிரே நின்றுகொண்டாள். இரண்டு உலக்கை, மாறி மாறி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணீர் வழிந்து உமியோடு ஒட்டியது. தூசி என்று சொல்லி முகத்தைத் துடைத்தேன். முதல் ஈடு குத்திப் புடைத்ததும் சுளகின் ஓரத்தில் நொய் வெள்ளையாக ஒதுங்கியது. ராத்தாவின் பங்கைப் பிரித்து வைக்கப் போனேன். "எனக்கெதுக்கு நொய்? என்னட்டக் கோழியா குஞ்சா?" என்று முழுவதையும் என் பக்கம் தள்ளிவிட்டாள். அவள் வளவில் ஏழெட்டுக் கோழி மேய்வது அன்றைக்கு எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பகலுக்கு நொய்க் கஞ்சி காய்ச்சினேன், தேங்காய்ப் பால் விட்டு. ஹாஜறா மூன்று கோப்பை குடித்தாள். சின்னவன் கஞ்சி மூக்கில் ஒட்டியபடியே என் மடியில் தூங்கிப்போனான். நானும் குடித்தேன். பிஸ்மி சொல்லிக் குடித்த அந்த முதல் வாயின் சூடு இப்போதும் என் தொண்டையில் இருக்கிறது. பெரிய கலியாணச் சாப்பாடெல்லாம் அதற்குப் பிறகு சாப்பிட்டிருக்கிறேன், அந்த ருசி வேறெங்கும் இல்லை.

அறுவடை சொன்ன நாளுக்கு ஒரு நாள் பிந்தியது. நொய் சொன்ன நாளுக்கு முந்தின நாளே முடிந்துவிட்டது. ஆகவே கடைசியில் இரண்டு நாள் மறுபடி கிழங்குதான். பரவாயில்லை, அந்தக் கிழங்கு இனித்தது. மறுநாள் அவர் புது நெல்லோடு வந்தார். பரணில் விதைநெல் இரண்டு மூடையும் கட்டினபடியே இருந்தது. அந்த வருஷம் புரட்டாதியில் அதே விதையைத்தான் விதைத்தோம். மேல்நெல் எங்கள் வாசலுக்கு அன்றிலிருந்து இன்றுவரை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இப்போதும் நான் அளந்துதான் சமைக்கிறேன். சிக்கனத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து மூடையைக் கொஞ்சம் சிறிதாகக் கட்டிப் பதின்மூன்றாக வைக்கிறேன். பதின்மூன்றாவதில் எந்தப் பிறையும் வரைவதில்லை, அது என் பிழைக்கு என்று விட்டுவிட்டேன். மீன்காரருக்குச் சிரட்டை கும்பத்தான் அளக்கிறேன். அவர் இப்போது முள்ளைப் பற்றிக் கதைப்பதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. மருதமுனையிலிருந்து நற்பிட்டிமுனைக்கு வருகிற வழியெல்லாம் உரல் உள்ள வீடுகள். அந்த வண்டி ஏன் என் வாசலில் நின்றது? மூன்று வருஷம் கழித்து, ஐம்பத்தாறில், ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து நெல் அவித்துக்கொண்டிருந்தபோது ராத்தாவிடம் கேட்டேவிட்டேன். அவள் அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

"உன்ட உரல் நாலு நாளாக் கதைக்கல்ல. விளங்கிட்டு. நேர வந்து கேட்டா நீ ஒண்டுமில்ல எண்டுதான் சொல்லுவாய். அதான் தங்கச்சியிட்டப் போய் ரெண்டு மூடையக் கேட்டு வாங்கி வந்தன்."

எனக்கு அவித்த நெல்லின் ஆவிக்குள் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வருஷமாக நான் முகம் திருப்பிக்கொண்டு போனவள், அந்த ஒரு வருஷமும் வேலிக்கு அப்பால் இருந்து என் உரலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மருதமுனைக்குப் போய், நெல்லை வாங்கி, எனக்கு வெட்கம் வராதபடி ஒரு வேலையாக்கிக் கொண்டுவந்திருக்கிறாள். நான் ஒரு மனிதரிடமும் வாய் திறக்கவில்லை. அல்லாஹ்விடம் மட்டும்தான் சொன்னேன். நான் பாயை விரிப்பதற்கு முன்பே வண்டி மருதமுனையிலிருந்து புறப்பட்டுவிட்டது.

என் சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பானை காலியாகும் நாள் வரலாம். கணக்கு எவ்வளவு சரியாகப் போட்டாலும் வரும். அன்றைக்குக் கையேந்துங்கள், உங்களுக்குத் தெரிந்த பேச்சில் கேளுங்கள். அவன் கேட்பான். நான் கேட்டதையும் கேட்டான். மற்ற நாட்களில் காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் முற்றத்தில் நின்று அடுத்த வளவுகளின் உரலுக்குக் காது கொடுங்கள். நான் இப்போது தினமும் நிற்கிறேன். போன கிழமை கிழக்கு வளவில் உரல் சத்தமில்லை. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் ஒரு மூடை நெல்லை ஹாஜறாவின் வாப்பாவிடம் தூக்கிக் கொடுத்து, என் கை நோகிறது, குத்தித் தர ஏலுமா என்று கேட்டுவரச் சொல்லி அனுப்பினேன்.